நேரம் தவறாத ரயிலும் நம் பயணக்கட்டுரைகளும்

ஐரோப்பா சென்று திரும்பும் தமிழ் எழுத்தாளர் எவராயினும் அவரது பயணக்கட்டுரையில் ஒரு பத்தி தவறாமல் வந்துவிடுகிறது. ஸ்விட்சர்லாந்தின் ஏதோ ஒரு ரயில்நிலையம். நடைமேடையில் வெள்ளை முகமும் சிவப்பு விநாடிமுள்ளும் கொண்ட கடிகாரம். முள் உச்சியைத் தொடுகிறது, ரயில் ஓசையின்றி நகர்கிறது. எழுத்தாளர் ஜன்னல் வழியே பனிமலையைப் பார்க்கிறார். பெருமூச்சு விடுகிறார். ஒழுங்கு இவர்களின் ரத்தத்திலேயே ஊறியது என்று எழுதுகிறார். அடுத்த வரியில் நம் ஊர் ரயில்நிலையம் வருகிறது, எச்சில் கறை வருகிறது, நாம் ஏன் இப்படி இருக்கிறோம் என்ற கேள்வி வருகிறது. பத்தி முடிகிறது. அடுத்தது சாக்லேட்.

அந்தக் கடிகாரத்திலிருந்தே தொடங்கலாம். 1944இல் ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் என்ற பொறியாளர் வடிவமைத்தது அது. சிவப்பு முள் சில ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தது. அந்த முள் ஒரு சுற்றை 60 விநாடியில் முடிப்பதில்லை. ஏறத்தாழ 58.5 விநாடியில் முடித்துவிட்டு உச்சியில் நின்றுவிடும். தலைமைக் கடிகாரத்திலிருந்து மின்துடிப்பு வந்ததும் நிமிடமுள் ஒரு தாவு தாவும். சிவப்பு முள் மறுபடி கிளம்பும். நாடு முழுவதும் நிலையக் கடிகாரங்கள் ஒன்றோடொன்று பிசகாமலிருக்க, ஒவ்வொரு நிமிடமும் ஒவ்வொரு கடிகாரமும் ஒரு சின்னப் பொய்யைச் சொல்லும்படி செய்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு அது. நம் எழுத்தாளர் முள்ளைப் பார்த்தார், முள் நின்றதைப் பார்க்கவில்லை.

எனக்கு அந்தப் பத்தியின்மேல் பலகாலமாக மனத்தாங்கல் உண்டு. அதில் உள்ள வியப்பை நான் குறைசொல்லவில்லை. அந்த ரயில்கள் வியப்புக்குரியவைதான். ஆனால் ஒரு நாட்டின் இருப்புப்பாதையை அதன் மக்களின் ரத்தத்தைக் கொண்டு விளக்குபவர், அந்தப் பாதையை அமைத்தவர்கள் யார், பணம் யாருடையது, யார் எதிர்த்தார்கள், யார் செத்தார்கள் என்ற எல்லாக் கேள்விகளையும் ஒரே மூச்சில் துடைத்தெறிந்துவிடுகிறார். அரசியல் இருந்த இடத்தில் குணநலன் வந்து உட்கார்ந்துகொள்கிறது. குணநலனை நாம் இறக்குமதி செய்ய முடியாது என்பதால் வாசகனுக்கு மிஞ்சுவது தன்னிரக்கம் மட்டுமே. இதைச் செய்தித்தாள் பத்தியாளர் செய்தால் பொறுத்துக்கொள்ளலாம். மனிதர்களைப் பற்றி எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் செய்யும்போது எரிச்சல் வருகிறது.

ரத்தம் என்று சொன்னார்கள் அல்லவா, அதையே பார்ப்போம். ஆல்ப்ஸ் மலைக்கு அடியில் கெஷனெனிலிருந்து ஐரோலோ வரை 15 கிலோமீட்டர் நீளத்துக்குக் குடையப்பட்ட கோட்ஹார்ட் சுரங்கம் 1882இல் திறக்கப்பட்டது. அந்த ரயில்பாதைக்கு முதலில் ஒதுக்கப்பட்ட அரசு மானியம் 8.5 கோடி ஃப்ராங்க். அதில் இத்தாலி 4.5 கோடி தந்தது, ஜெர்மனி 2 கோடி தந்தது. ஸ்விட்சர்லாந்தின் பங்கு 2 கோடி. தென்னையும் வடக்கையும் இணைக்கும் பாதை இரு பெரும் தேசங்களுக்கும் வேண்டியிருந்தது. நடுவில் மலை இருந்தவன் வாசலைத் திறந்துவிட்டான். ஜெனீவாவின் ஒப்பந்தக்காரர் லூயி ஃபாவ்ர் எட்டாண்டுகளில் முடித்துத் தருவதாக 1872இல் கையெழுத்திட்டார். தாமதமானால் கடும் அபராதம். ஆக அந்தச் சுரங்கத்தில் முதலில் நுழைந்த 'நேரம் தவறாமை' அபராதத்தின் வடிவில்தான் நுழைந்தது. அந்த அவசரம் யார் தோளில் இறங்கியது என்று சொல்லத் தேவையில்லை.

தோண்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் பீட்மான்ட், லொம்பார்டி பகுதிகளின் ஏழைக் கிராமங்களிலிருந்து வந்த இத்தாலியர்கள். உள்ளே 30 பாகைக்கு மேல் வெப்பம், டைனமைட் புகை, பாறைத்தூசி, முழங்கால் வரை நீர். வெளியே ஒருவன் எழுந்ததும் அதே படுக்கையில் அடுத்தவன் படுக்கும் விடுதிகள். சுரங்கத்துக்குள் கழிப்பிடம் கிடையாது. ஈரமும் வெப்பமும் சேர்ந்து கொக்கிப்புழு பரவியது. வெளுத்துச் சோகை பிடித்து ஊர் திரும்பிய தொழிலாளர்களைத் தூரினில் ஆராய்ந்த பிறகுதான் 1880இல் நோயின் காரணம் புரிந்தது. வெப்பமண்டலத்து நோய் என்று கருதப்பட்ட ஒன்று பனிமலையின் வயிற்றில் வாழ்ந்துகொண்டிருந்தது. விபத்தில் இறந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 200 பேர். புழுவாலும் நுரையீரல் நோயாலும் ஊருக்குப் போய் இறந்தவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

1875 ஜூலையில் கெஷனெனில் வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வு வேண்டும், உள்ளே மூச்சுவிடக் காற்று வேண்டும் என்பவை கோரிக்கைகள். ஊரி மாநிலத்திலிருந்து அவசரமாகத் திரட்டப்பட்ட காவல்படை சுட்டது. நான்கு இத்தாலியர்கள் இறந்தனர். ஃபாவ்ரும் தப்பவில்லை. 1879இல் தன் சுரங்கத்தைப் பார்வையிடச் சென்றபோது உள்ளேயே விழுந்து இறந்தார். 1880 பிப்ரவரியில் இருபுறத் துளைகளும் சந்தித்தபோது, அந்த ஓட்டை வழியே முதலில் மறுபுறம் அனுப்பப்பட்டது தகரப்பெட்டியில் வைத்த ஃபாவ்ரின் புகைப்படம். இந்தக் காட்சியை நம் எழுத்தாளர்களில் ஒருவராவது எழுதியிருக்கக் கூடாதா?

இத்திட்டத்தின் மூளை என்று போற்றப்படும் ஆல்ஃப்ரெட் எஷரின் சிலை சூரிச் மைய ரயில்நிலையத்தின் முன்னால் நிற்கிறது. நம்மவர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எஷர் அரசியல்வாதி, ரயில் முதலாளி, வங்கியாளர். ரயில்களுக்குப் பணம் திரட்டவே 1856இல் ஒரு வங்கியைத் தொடங்கினார். பிற்காலத்தில் கிரெடிட் சுவிஸ் என்று பெயர்பெற்ற அவ்வங்கி 2023இல் சரிந்து போட்டியாளரின் கையில் விழுந்தது. எஷர் குடும்பத்துக்குக் கியூபாவில் அடிமைகளை வைத்து நடத்திய காப்பித்தோட்டம் இருந்ததை அண்மைக்கால வரலாற்றாய்வுகள் வெளிக்கொணர்ந்தன. செலவு எகிறியதும் 1878இல் கோட்ஹார்ட் நிறுவனத்தின் தலைமையிலிருந்து அவரை விலகச் செய்தார்கள். இறந்தபின் 1889இல் சிலை வைத்தார்கள். மூளைகளுக்கு அப்படி ஒரு வசதி உண்டு.

தொழிலாளர்களுக்கும் ஒரு சிற்பம் இருக்கிறது. வின்சென்ஸோ வேலா என்ற டிசினோ சிற்பி, யாரும் கேட்காமலே, இறந்த சுரங்கத் தொழிலாளியைத் தூக்குப்படுக்கையில் சுமந்துவரும் தோழர்களைப் புடைப்புச் சிற்பமாகச் செய்தார். 'உழைப்பின் பலியாட்கள்' என்பது அதன் பெயர். அதன் வெண்கல வார்ப்பு ஐரோலோ ரயில்நிலையத்தருகே நிறுவப்பட்டது 1932இல். எஷருக்குச் சிலை வைத்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து.

லோட்ஷ்பெர்க் கதை இன்னும் கொடியது. பெர்னுக்கும் வாலேக்கும் இடையே சுரங்கம் தோண்டுகையில் 1908 ஜூலை 24 அதிகாலை, மேலேயுள்ள கேஸ்டர்ன் பள்ளத்தாக்கின் பனியாற்று வண்டல் உடைந்து உள்ளே இறங்கியது. 25 இத்தாலியத் தொழிலாளர்கள் புதைந்தனர். சுரங்கத்தை அந்த இடத்தில் சுவரெழுப்பி அடைத்துவிட்டு, பக்கவாட்டில் வளைத்துக் கொண்டுபோய் முடித்தார்கள். நேராகச் செல்ல வேண்டிய பாதை அதனால்தான் வளைகிறது. ஏறக்குறைய எல்லா உடல்களும் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் இன்றும் கிடக்கின்றன.

சரி, அது பழைய காலம், எல்லா நாட்டிலும் அப்படித்தானே என்று ஒரு நண்பர் சொல்வார். இருக்கட்டும். பிற்காலத்தைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்விட்சர்லாந்தின் ரயில்கள் தனியார் கொள்ளைக்காடு. எஷரின் கனவான் ரயிலுக்கு எதிராக வின்டர்தூர் நகரத்து ஜனநாயகவாதிகள் 'மக்கள் ரயில்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அது 1878இல் திவாலானது. அதற்குப் பிணை நின்ற வின்டர்தூர் நகராட்சி அந்தக் கடனை 1950கள் வரை கட்டிக்கொண்டிருந்தது. ஒரு ரயில்வே கனவுக்காகப் பேரப்பிள்ளைகள் வரி கட்டிய ஊர் அது. ஒழுங்கு ரத்தத்தில் ஊறிய மக்கள்தாம் இவர்களும்.

ஒரு பெரிய தனியார் ரயிலை அரசு வாங்கலாமா என்று 1891இல் கேட்டபோது மக்கள் பெருவாரியாக வேண்டாம் என்றனர். 1898இல் முக்கிய ரயில்கள் அனைத்தையும் நாட்டுடைமையாக்கலாமா என்று கேட்டபோது மூன்றில் இரண்டு பங்கினர் ஆம் என்றனர். இடையில் ஏழாண்டுகள். அதற்குள் ரத்தம் மாறிவிடவில்லை. பங்குச்சூதாட்டம், ஊழியர் வேலைநிறுத்தம், பத்திரிகைச் சண்டை எல்லாம் சேர்ந்து கருத்தை மாற்றின. கூட்டரசு ரயில்வே 1902இல் ஓடத் தொடங்கியது.

இப்போது அந்த நேரம் தவறாமைக்கு வருவோம். உண்மையில் வியக்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. நம் கட்டுரையாளர்கள் வண்டி சரியான நிமிடத்தில் கிளம்பியது என்பதோடு நின்றுவிடுகிறார்கள். 1970களில் கூட்டரசு ரயில்வேயின் சில இளம் பொறியாளர்கள் வேலைநேரத்துக்கு வெளியே கூடி ஒரு கணக்கைப் போட்டார்கள். ஒவ்வொரு மணிக்கும் ஒரே நிமிடத்தில் வண்டி கிளம்பினால் பயணி அட்டவணையைப் பார்க்கவே வேண்டாம். இந்த முறை நாடு முழுக்க 1982இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த அடி இதைவிட நுட்பமானது. ஒரு சந்திப்பு நிலையத்துக்கு எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் வண்டிகள் மணி அடிப்பதற்குச் சில நிமிடம் முன்பு வந்துசேர வேண்டும். மக்கள் இறங்கி மாறிக்கொள்ள வேண்டும். மணி அடித்துச் சில நிமிடத்தில் எல்லா வண்டிகளும் கிளம்பிவிட வேண்டும். இது நடக்க வேண்டுமானால் இரு சந்திப்புகளுக்கு இடையே பயணநேரம் அரைமணிக்கோ ஒரு மணிக்கோ சற்றுக் குறைவாக இருந்தாக வேண்டும். சூரிச்சிலிருந்து பெர்னுக்கு ஒரு மணியைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதை 56 நிமிடமாக்கத்தான் 45 கிலோமீட்டர் புதிய பாதை போட்டார்கள். 40 நிமிடமாக்கினால் என்ன என்று கேட்டால், பெர்னில் இறங்கிக் காத்திருப்பீர்கள் என்பது பதில். இயன்ற அளவு வேகம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை; அட்டவணைக்குத் தேவையான வேகம் போதும். அதிவேக ரயிலைத் தேசப்பெருமையின் அடையாளமாக நிறுத்தும் நாடுகள் இந்த ஒரு வாக்கியத்தைப் படிக்கலாம்.

இதற்கான 'ரயில் 2000' திட்டம் 1987 டிசம்பரில் பொதுவாக்கெடுப்புக்கு வந்தது. 57 விழுக்காட்டினர் ஆதரித்தனர். 43 விழுக்காட்டினர் எதிர்த்தனர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். புதிய பாதை செல்லும் ஊர்களில் விவசாயிகள் எதிர்த்தார்கள். 540 கோடி ஃப்ராங்க் என்று சொல்லி வாக்குக் கேட்ட திட்டத்தின் மதிப்பீடு சில ஆண்டுகளில் இருமடங்குக்கும் மேல் ஏறியது. பல பணிகளை வெட்டித் தள்ளிப்போட்டார்கள். புதிய அட்டவணை 2004 டிசம்பரில்தான் வந்தது. பெயரிலேயே ஆண்டைச் சூட்டிக்கொண்ட திட்டம் நான்காண்டு தாமதமாக வந்ததை எந்தப் பயணக்கட்டுரையும் சொல்லவில்லை.

இன்றைய துல்லியமும் காவல் காக்கப்படும் ஒன்று. மூன்று நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைத் தாமதமாகக் கணக்கிடுவதில்லை. அப்படிக் கணக்கிட்டும் அண்மை ஆண்டுகளில் நூற்றுக்கு 92, 93 வண்டிகள்தாம் நேரத்துக்கு வருகின்றன. ஜெர்மனியிலிருந்து தாமதமாக வரும் விரைவு வண்டிகளை பாசலிலேயே நிறுத்தி, பயணிகளை இறக்கி வேறு வண்டியில் ஏற்றுகிறார்கள். விருந்தாளியின் அழுக்கு வீட்டுக்குள் வரக்கூடாது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அதை ரத்தத்தின் தூய்மை என்று அழைத்தால் வேறு ஒரு வரலாறு நினைவுக்கு வந்துவிடும்.

அந்த வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் நிலக்கரி கோட்ஹார்ட் வழியே முசோலினியின் இத்தாலிக்கு நேரம் தவறாமல் சென்றது. போருக்குப் பின் சாலையும் அணையும் பாலமும் கட்ட இத்தாலியர்களை மறுபடி அழைத்தார்கள். ஆண்டுக்கு ஒன்பது மாதம் மட்டும் தங்கும் பருவகால அனுமதி. மனைவி மக்களை அழைத்துவரக் கூடாது. அழைத்து வந்தவர்கள் குழந்தைகளை அறைக்குள் ஒளித்து வளர்த்தார்கள். சத்தம் போடக்கூடாது, ஜன்னலருகே போகக்கூடாது. 'அலமாரிக் குழந்தைகள்' என்று அவர்களுக்குப் பெயரே உண்டு. 1970 ஜூனில் வெளிநாட்டவர் எண்ணிக்கையைப் பெரிதும் குறைக்கக் கோரிய ஷ்வார்ட்ஸன்பாக்கின் தீர்மானத்துக்கு 46 விழுக்காடு ஆதரவு கிடைத்தது. வாக்களித்தவர்கள் அனைவரும் ஆண்கள். பெண்களுக்குக் கூட்டரசு வாக்குரிமை கிடைத்தது அதற்கு அடுத்த ஆண்டில். இத்தாலியர்களுக்குப் பின் 1980களில் ஈழத்தமிழர்கள் வந்தார்கள். உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவினார்கள். அதே வெறுப்பை எதிர்கொண்டார்கள். இன்று ஏறத்தாழ 50,000 பேர். மார்ட்டின் சூட்டர் தன் 2010ஆம் ஆண்டு நாவலுக்கு ஒரு தமிழ்ச் சமையல்காரனை நாயகனாக்கினார். அந்த நாட்டின் எழுத்தாளன் நம் ஆளைப் பார்த்துவிட்டான். அங்கு செல்லும் நம் எழுத்தாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

2016 ஜூன் 1 அன்று 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் அடித்தளச் சுரங்கம் திறக்கப்பட்டது. உலகின் மிக நீளமான ரயில் சுரங்கம். செலவு 1,200 கோடி ஃப்ராங்குக்கு மேல். இறந்தவர்கள் ஒன்பது பேர். நூற்றாண்டு கடந்து 200 என்பது 9 ஆகியிருக்கிறது. அது பெரும் சாதனை, மறுக்கவில்லை. தொழிற்சங்கமும் பாதுகாப்புச் சட்டமும் சாதித்தவை அவை. ஆனால் அந்த ஒன்பது பேரும் ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா, தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தவர்கள். மலை இன்றும் அயலானைத்தான் கேட்கிறது.

சுரங்கம் எதற்காக என்பதிலும் ஒரு தோல்வி இருக்கிறது. தம் பள்ளத்தாக்கில் இரவுபகலாக உறுமிச்செல்லும் லாரிகளைப் பொறுக்க முடியாத ஊரி மக்கள் கையெழுத்துத் திரட்டி, 1994 பிப்ரவரியில் 51.9 விழுக்காட்டு வாக்கில் அரசியலமைப்பையே திருத்தினார்கள். ஆல்ப்ஸைக் கடந்துசெல்லும் சரக்கு ரயிலில்தான் செல்ல வேண்டும். கனரக லாரிகளுக்கு 2001 முதல் தூரத்துக்கும் எடைக்கும் ஏற்பக் கட்டணம் வந்தது. அதில் பெரும்பகுதி ரயிலுக்குப் போனது. ஆண்டுக்கு 14 லட்சமாக இருந்த லாரிகள் குறைந்தன. சட்டம் நிர்ணயித்த இலக்கு 6.5 லட்சம். அதை எட்ட வேண்டிய கெடு முடிந்த 2018இல் 9 லட்சத்துக்கும் மேல் சென்றன. இன்றுவரை எட்டவில்லை. ஒரு காரணம், வடக்கே ரைன் பள்ளத்தாக்கில் ஜெர்மனி போட்டுத்தருவதாக 1996இல் ஒப்புக்கொண்ட பாதை இன்னும் முடியவில்லை. ஒழுங்குக்குப் பேர்போன இன்னொரு தேசம்.

2023 ஆகஸ்ட் 10 அன்று சக்கரம் உடைந்த ஒரு சரக்கு ரயில் அந்தப் புதுச் சுரங்கத்துக்குள் தடம்புரண்டது. யாருக்கும் காயமில்லை. ஆனால் 7 கிலோமீட்டர் பாதையும் 20,000 கான்கிரீட் ஸ்லீப்பர்களும் பாழாயின. முழுமையாகத் திறக்க 2024 செப்டம்பர் ஆனது. டூரென்மாட்டின் 'சுரங்கம்' கதை நினைவிருக்கும். வழக்கமான ரயில், வழக்கமான சிறு சுரங்கம், அது முடியாமல் நீண்டுகொண்டே போகிறது. பெட்டிகளில் எல்லோரும் தத்தம் வேலையில் இருக்கிறார்கள். 1952இல் அதை எழுதியவர் ஒரு ஸ்விஸ்காரர். அவருக்குத் தன் நாட்டு ரயிலின்மேல் நமக்கிருக்கும் பக்தி இருக்கவில்லை.

அப்படியானால் அவர்கள் ரயில் நம் ரயிலைவிட மேலானது இல்லையா என்று கேட்பார்கள். மேலானதுதான். நான் கேட்பது, எதனால் என்பது. ஒவ்வொரு கட்டத்திலும் வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு சாதாரண மக்களிடம் இருந்தது. அவர்களிடம் கெஞ்சி, கணக்குக் காட்டி, தோற்று, மறுபடி வர வேண்டியிருந்தது. அந்த வாய்ப்பு எப்போதும் நல்லதையே தருவதில்லை. சுயநலமாகவும் வாக்களிப்பார்கள். 2016இல் அதே கோட்ஹார்டில் இரண்டாவது சாலைச் சுரங்கத்துக்கு 57 விழுக்காட்டினர் ஒப்புதல் தந்தார்கள். 2024 நவம்பரில் நெடுஞ்சாலைகளை அகலப்படுத்த 490 கோடி ஃப்ராங்க் கேட்ட அரசை 52.7 விழுக்காட்டினர் திருப்பி அனுப்பினார்கள். புதுச் சுரங்கத்தின் நடுவில், 800 மீட்டர் மேலே இருக்கும் செட்ருன் கிராமத்துக்கு மின்தூக்கியுடன் ஒரு பாதாள நிலையம் வேண்டும் என்று அந்த ரோமான்ஷ் மொழிப் பள்ளத்தாக்கு மன்றாடியது. கட்டுப்படியாகாது என்று கைவிட்டார்கள். சிறு மொழிக்காரனின் ஊருக்கு அடியில் உலகின் மிக நீளமான சுரங்கத்து ரயில் நிற்காமல் போகிறது. இவை எல்லாமே தீர்மானங்கள். தீர்மானங்களோடு சண்டை போடலாம், ரத்தத்தோடு முடியாது.

2016 டிசம்பர் முதல் சூரிச்சிலிருந்து மிலானுக்குச் செல்லும் விரைவு வண்டிகள் அடித்தளச் சுரங்கத்தில் போகின்றன. ஐரோலோ அவற்றின் வழியில் இல்லை. சுரங்கம் மூடிக்கிடந்த மாதங்களில் பல வண்டிகள் பழைய மலைப்பாதைக்குத் திரும்பின. பயணிகள் ஒரு மணி நேரம் கூடுதலாவதைப் பற்றி முறையிட்டார்கள். இப்போது பழையபடி பிராந்திய ரயில் மட்டும் மேலே ஏறுகிறது. வேலாவின் சிற்பத்தைப் பார்க்க விரும்புகிறவர் அந்த மெதுவான ரயிலில் ஏறி, ஐரோலோவில் இறங்க வேண்டும். அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க நேரலாம். கடிகாரம் அங்கும் உண்டு.